வீரய்யாவுக்குக் கிடைத்த வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்த புண்ணியவான் நிலபுலம் உள்ளவனாகத்தான் இருந்திருப்பான். வாடகைக்கு வீடு தேடுவது என்றால் என்னவென்று அவனுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அதையும் மூன்றாவதாகச் சேர்த்திருப்பான். சிவசாமியைக் கேட்டால் அதைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்பார்.

சிவசாமி குமாஸ்தா. புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த நாற்பத்தெட்டாம் வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர். அன்றைக்கு அதே ஆபீசில், அதே பெஞ்சில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர் வீரய்யா. இரண்டு வயது இளையவர். அன்று தொட்டுப் பத்து வருஷமாகச் சிவசாமி தன் வாழ்க்கையை அளந்து பார்த்ததெல்லாம் வீரய்யாவை வைத்துத்தான். வீரய்யாவுக்கு ஜன்னலோர மேஜை. தனக்குச் சுவரோரம். வீரய்யாவின் சைக்கிள் மூன்று வருஷமாகப் பஞ்சர் ஆனதில்லை. வீரய்யாவுக்குச் சளி பிடித்தால் மூன்றே நாளில் விட்டுவிடுகிறது, தனக்குப் பதினைந்து நாள் உட்கார்ந்து சாப்பிடுகிறது. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாமல் வைத்திருந்தால் வயிறு எரிகிறது.

இத்தனைக்கும் வீரய்யா சாமி கும்பிடாதவர். சுயமரியாதைக்காரர். ராகு காலத்தில் கிளம்பி எமகண்டத்தில் திரும்புகிற ஆசாமி. ஐயர் இல்லாமல், தாலிக்கு நாள் பார்க்காமல், சந்தனமேரி என்ற வேதக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர். சிவசாமியோ வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறவர், பஞ்சாங்கம் பார்க்காமல் தலைமுடி வெட்டிக்கொள்ளாதவர். கடவுள் இருக்கிறார் என்றால் அவர் வீரய்யா பக்கம் ஏன் இருக்கிறார் என்பதுதான் சிவசாமிக்குப் புரியவில்லை.

ஐம்பத்தெட்டு வைகாசியில் விராலிமலையிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே உத்தரவில் புதுக்கோட்டைக்கு மாற்றல் வந்தது. சிவசாமி தன் மனைவி பிச்சையம்மாளையும் மூன்று பிள்ளைகளையும் மணமேல்குடியில் அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டார். "பதினஞ்சு நாளு பொறுத்துக்க. வீட்டைப் பாத்துட்டு வந்து கூப்புட்டுக்கிறேன்" என்றார்.

"பதினஞ்சு நாளுக்கு மேல அண்ணி மொகத்துல முழிக்க என்னால ஆகாது. ஆமா, சொல்லிட்டேன்" என்றாள் பிச்சையம்மாள்.

புதுக்கோட்டையில் அந்த வருஷம் வீட்டுக்குப் பஞ்சமென்றால் பஞ்சம். புதுப்புது ஆபீசுகள் வந்திருந்தன. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். நாட்டுப்புறத்திலிருந்து பிள்ளைகளைப் படிக்க வைக்க வந்தவர்கள் ஒரு பக்கம், மாற்றலில் வந்தவர்கள் ஒரு பக்கம். சிவசாமி ஒரு மெஸ்ஸின் பின்னறையில் மூன்று பிரம்மச்சாரிகளோடு பாயைப் போட்டுக்கொண்டு, காலையும் மாலையும் குடையை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்.

கீழ வீதியில் ஒரு வீட்டுக்காரர், "பிள்ளைக எத்தன?" என்று கேட்டார். மூன்று என்றார் சிவசாமி. "மூணா?" என்று அவர் ஏதோ முப்பது என்று கேட்டவர்போலக் கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொரு இடத்தில், "எட்டு மணிக்கு மேல ஆட்டுக்கல்லு ஆடக் கூடாது, விருந்தாளி வரக் கூடாது, கிணத்துல ரெண்டு குடத்துக்கு மேல எடுக்கக் கூடாது" என்று வரிசையாகச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டி, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று மெஸ்ஸுக்குப் போய் வருவதற்குள் அந்த வீடு ஒரு வாத்தியாருக்குப் போய்விட்டது. மேல வீதியில் ஒரு வாசலில் ஏழு பேர் காத்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் பெரிய அதிகாரியிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்திருந்தார்கள். சிவசாமியிடம் குடைதான் இருந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வெற்றிலை பாக்குக் கடை வைத்திருந்த குழந்தைசாமி வீட்டுத் தரகும் பார்த்தார். "இப்ப நெருக்கடிங்க. எல்லாரும் ஆடி பொறக்குறதுக்குள்ள குடி போகணும்னு பறக்குறாக. ஆடியில வீட்டை நாயி சீண்டாது" என்றார் அவர்.

ஆடியிலும் மார்கழியிலும் எவனும் வீடு மாற மாட்டான். இது சிவசாமிக்குத் தெரியாதா என்ன? அதனால்தான் அவருக்கும் அத்தனை அவசரம். இந்த அவசரத்துக்கு நடுவே அவரை அதிகம் நோகடித்தது வீரய்யாவின் நிதானம். வீரய்யா வீடே தேடவில்லை. மாதா கோயில் பக்கம் சந்தனமேரியின் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு, சாயங்காலம் வாசகசாலைக்குப் போய்ப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்ன வீரய்யா, வீடு பாக்கலியா?" என்று கேட்டால், "பாக்கலாம்ணே, என்ன அவசரம்" என்பார். அந்த 'என்ன அவசர'த்தைக் கேட்டுவிட்டுச் சிவசாமிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அவனுக்கு எவனோ ஒருவன் தட்டில் வைத்து நீட்டப் போகிறான், பார்த்துக்கொண்டே இரு என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஆனி இருபதாம் தேதிக்கு மேல் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல ஒரு வீடு வந்தது. தரகர் சொல்லி அல்ல. பள்ளிவாசலை ஒட்டிய தெருவில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, ஒரு வயசான அம்மாள் கதவைத் திறந்து, "யாரு தம்பி, நனையாம உள்ள வாங்க" என்றாள். அவள் ஹவ்வா உம்மாள். புருஷன் இல்லை. மகன் பினாங்கில் கடை வைத்திருந்தான். ஜெகதாப்பட்டினத்தில் இருந்த மகளுக்குப் பிரசவ நேரம். அதனால் வீட்டை யாருக்காவது விட்டுவிட்டு மகளோடு போய் இருந்துவிடலாம் என்ற யோசனையில் இருந்தாள்.

முன்கட்டு, பின்கட்டு, நடுவில் முற்றம், முற்றத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு. ஊரில் பாதிக் கிணறு கரிக்கும். இது இளநீர் மாதிரி இருந்தது. சிவசாமி ஒரு செம்பு குடித்தார். குடித்துக்கொண்டிருக்கும்போதே, வீரய்யா இதைப் பார்த்தால் என்ன ஆவான் என்ற நினைப்புத்தான் வந்தது. தண்ணீரின் ருசி அதனால் இன்னும் கூடியது.

ஹவ்வா உம்மாள் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள். மூன்று என்றதும், "அல்லாவே, வீடு கலகலன்னு இருக்கும்" என்றாள். முன்பணம் வேண்டாம், குடி வந்த பிறகு கொடுத்தால் போதும் என்றும் சொன்னாள். சிவசாமிக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அவர் ஜாதகத்தில் எதுவும் நேராக நடக்காது. மணமேல்குடியில் நடுவுள்ள பெண்ணுக்கு அம்மை போட்டிருப்பதாகக் கார்டு வந்தது. மூன்று தண்ணீர் ஊற்றாமல் பிள்ளையை ஊர் விட்டு ஊர் கொண்டுவரக் கூடாது. அதற்குள் ஆடி பிறந்துவிடும். சிவசாமி பஞ்சாங்கத்தைப் புரட்டினார். ஆனி இருபத்தேழு நல்ல நாள். அன்றைக்குப் பாலைக் காய்ச்சிவிட்டால் வீடு நம்முடையது, ஆவணி பிறந்ததும் சாமான் கொண்டுவந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

காய்ச்சினார். மெஸ்ஸில் இரவல் வாங்கிய பாத்திரம், அரிசி, உப்பு, மஞ்சள், காமாட்சி விளக்கு, எல்லாவற்றையும் தானே தூக்கிக்கொண்டு போனார். பால் கிழக்கே பொங்கியதா மேற்கே பொங்கியதா என்று பார்ப்பதற்குள் அடுப்பு அணைந்துவிட்டது. ஹவ்வா உம்மாளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். தானும் குடித்தார். "அப்ப பால் காச்சியாச்சும்மா. வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சாவியை அவளிடமே விட்டுவிட்டு வந்தார். எப்போது வருவேன் என்று சொல்லவில்லை. பால் காய்ச்சியவன் ஆடியில் வர மாட்டான் என்பதை ஒருத்தர் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

மறுநாள் ஆபீசில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்த வீரய்யாவிடம் நேராகப் போனார்.

"வீடு அமைஞ்சிருச்சு வீரய்யா. முன்கட்டு, பின்கட்டு. கிணத்துத் தண்ணி சர்க்கரை."

"அடடே, நல்லதுண்ணே. எந்தத் தெருவு?"

சிவசாமிக்கு வாய் வரை வந்தது. அதற்குள் சுதாரித்துக்கொண்டார். இவனிடம் தெருவைச் சொன்னால் இவன் ராசிக்கு வீடே இவனைத் தேடிப் போய்விடும். "எல்லாம் இங்கிட்டுத்தான், பக்கத்துல" என்று கையைப் பொதுவாக வீசினார். அவர் எதிர்பார்த்தது வீரய்யாவின் முகம் கொஞ்சமாவது வாடும் என்று. வாடவில்லை. "அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் சௌகரியம்" என்று சொல்லிவிட்டு வீரய்யா எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டார். அந்தப் பொறாமைப்படாத முகம் சிவசாமியைச் சுட்டது. ஆனாலும் பரவாயில்லை, வீடு நம் கையில் என்று தேற்றிக்கொண்டு, பிச்சையம்மாளுக்குத் தெருப் பெயர், கதவு நம்பர் எல்லாம் விவரமாகக் கார்டு போட்டார்.

ஆடி பத்தாம் தேதி. வீரய்யா ஆபீசுக்கு ஒரு பொட்டலம் மிக்சர் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார்.

"என்ன விசேஷம்?" என்று சிவசாமி கேட்டார்.

"வீடு மாறிட்டோம்ணே. நேத்துத்தான் சாமானெல்லாம் ஏத்தினோம். குழந்தைசாமி காட்டுன வீடு. பள்ளிவாசத் தெருவுல ஹவ்வா உம்மாள்னு ஒரு அம்மா..."

அதற்கு மேல் சிவசாமி காதில் எதுவும் விழவில்லை. கையிலிருந்த மிக்சர் கீழே கொட்டியது. அதைக் கூட்டுவதற்குப் பியூன் வந்தபோதும் அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அந்த வீட்டை இழந்தது ஒரு நோவு. அதை வேறு யார் எடுத்திருந்தாலும் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். வீரய்யா எடுத்ததுதான் ஆறவில்லை.

சாயங்காலம் ஓட்டமும் நடையுமாகப் போனார். ஹவ்வா உம்மாள் வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்புவதற்காகப் பின்கட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் பால் காச்சிட்டுப் போனேனேம்மா!" என்றார் சிவசாமி.

"காச்சினீங்க தம்பி, யாரு இல்லேன்னா? பால் காச்சுனா அன்னிக்கே வந்து படுக்கணும். வீட்டுல வெளக்கு எரியணும். பத்துப் பதினஞ்சு நாளா ஆளையே காணோம். சரி, வீடு பிடிக்கல, சொல்லக் கூச்சப்படுறீங்க போலன்னு நெனச்சேன்."

"ஆடியில எப்படிம்மா வர்றது?"

"நான் பெறை பாத்து மாசம் எண்ணுறவ. எனக்கு இது முஹர்ரம். ஆடியில வர மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தீங்கன்னா, ஒங்களுக்குன்னு பூட்டிப் போட்டுட்டுப் போயிருப்பேன்ல?" என்றாள். அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

சத்தம் கேட்டு முன்கட்டிலிருந்து வந்த வீரய்யா விஷயத்தைக் கேட்டுத் திகைத்துப் போனார்.

"ஐயையோ, நீங்க சொன்னது இந்த வீடாண்ணே? எந்தத் தெருவுன்னு அன்னிக்கே கேட்டேனே. சொல்லியிருந்தா நான் இங்கிட்டுத் தலை வச்சுப் படுத்திருப்பேனா?"

சிவசாமி ஒரு வார்த்தை இந்த அம்மாளிடம் சொல்லியிருக்கலாம். ஒரு தெருவை அந்தத் தம்பியிடம் சொல்லியிருக்கலாம். இரண்டையும் சொல்லாமல் தானே தன் வீட்டை எடுத்து அவன் கையில் கொடுத்திருக்கிறோம் என்பது புரிந்தபோது, அவருக்குத் தன்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீரய்யாமேல்தான் வந்தது.

"ஒனக்கு மட்டும் எப்படிப்பா எல்லாம் அமையிது?" என்று கேட்டேவிட்டார். பத்து வருஷமாகத் தொண்டையில் இருந்த கேள்வி.

வீரய்யா குரலைத் தாழ்த்தி, "அமையிறதா? ஆவணியில நாலு பேரு போட்டிக்கு நிக்கையில எங்களுக்கு எவன்ணே வீடு குடுப்பான்? நான் ஒரு சாதி, அவ ஒரு வேதம். அவ பேரைக் கேட்டதும் கதவைச் சாத்துவாங்க. ஆடியிலயும் மார்கழியிலயும்தான் வீட்டுக்காரன் எளகுவான். விராலிமலையிலயும் மார்கழியிலதான் கெடச்சது. அவசரம் இல்லேன்னு நான் சொன்னது அதுக்குத்தான்" என்றார்.

இதைக் கேட்டு மனம் இளகாதவன் மனுஷனா? சிவசாமிக்கும் இளகத்தான் செய்தது. ஆனால் தெருமுனை தாண்டுவதற்குள் அந்த இளக்கம் போய்விட்டது. இவனுக்குக் கஷ்டம்கூட லாபமாகத்தான் வந்து முடிகிறது, நமக்கு வரும் கஷ்டம் வெறும் கஷ்டமாகவே நின்றுவிடுகிறது என்று நினைத்துக்கொண்டே மெஸ்ஸுக்குப் போனார்.

வீடு போன சேதியை அவர் மணமேல்குடிக்கு எழுதவில்லை. கார்டை எடுத்து வைத்து 'சௌபாக்கியவதி பிச்சையம்மாளுக்கு' என்று எழுதுவார். அடுத்த வரியில் வீரய்யா பெயர் வரும். கிழித்துப் போடுவார். அதை அவளிடம் எழுதுவதைவிட வீடில்லாமல் கிடப்பது மேல் என்று தோன்றியது. ஆவணிக்குள் இன்னொன்று கிடைத்துவிடும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினார். ஆடி என்பதால் தேடவும் இல்லை.

ஆடிப்பெருக்கு அன்று மத்தியானம், வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்த வீரய்யா வேர்க்க விறுவிறுக்க சைக்கிளில் திரும்பி வந்தார்.

"அண்ணே, அண்ணியும் பிள்ளைகளும் வந்திருக்காங்க."

"எங்க?"

"வீட்டுக்குத்தாண்ணே. நம்ம... நம்ம வீட்டுக்கு."

சிவசாமி போய்ச் சேர்ந்தபோது, அவருடைய தகரப்பெட்டி அந்த வீட்டு முற்றத்தில் இருந்தது. பிள்ளைகள் மூன்றும் எண்ணெய் வைத்துக் குளித்து, யார் வீட்டுச் சட்டையையோ போட்டுக்கொண்டு, சந்தனமேரி போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. பிச்சையம்மாள் கிணற்றடியில் நின்றாள். முகத்தில் தண்ணீர் வழிந்தது.

"கதவு நம்பர் எழுதியிருந்தீங்க. ஆடிப் பதினெட்டு நல்ல நாளுதானேன்னு மொதப் பஸ்ஸுல ஏறிட்டேன். கதவைத் தட்டுனா, இந்தப் பொண்ணு வந்து 'யாருக்கா'ன்னு கேக்குது. நடுத்தெருவுல மூணு பிள்ளைகளோட நின்னேன். ஒரு கார்டு போடக் கூடாதா?"

சிவசாமி தகரப்பெட்டியைத் தூக்கப் போனார்.

"அண்ணே, அந்தம்மா போயிட்டாக. பின்கட்டு சும்மாதான் கெடக்கு. ஒங்களுக்கு வீடு கிடைக்கிற வரைக்கும் இருங்க. அந்தம்மாகிட்ட நான் எழுதிச் சொல்லிக்கிறேன்" என்றார் வீரய்யா. "எங்க ரெண்டு பேருக்கு இம்புட்டு வீடு எதுக்குண்ணே?" என்று சந்தனமேரியும் சேர்ந்துகொண்டாள்.

தான் பால் காய்ச்சிய வீட்டில், வீரய்யா இடம் கொடுத்து, வீரய்யாவின் தயவில், பின்கட்டில் குடியிருப்பது! சிவசாமிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பிச்சையம்மாளைத் தனியே ஓரமாகக் கூப்பிட்டு, "இது சரிப்படாது. அந்தப் பொண்ணு வேதக்காரி. ஒங்க அண்ணன் காதுக்குப் போனா என்ன ஆகும்?" என்று கிசுகிசுத்தார்.

"எங்கண்ணி நம்ம ஆளுகதானே?" என்றாள் பிச்சையம்மாள். அவள் கிசுகிசுக்கவில்லை. "அவ குழம்புல ஒரு செம்பு தண்ணிய ஊத்திக் கலக்கித்தான் ரெண்டு மாசமா என் பிள்ளைகளுக்குப் போட்டா. அம்மை போட்ட பிள்ளையைத் தொழுவத்துப் பக்கம் படுக்க வச்சா. இந்தப் பொண்ணு நான் யாருன்னு சொல்லி முடிக்கிறதுக்கு முந்தி பிள்ளைகளுக்குச் சோத்தைப் போட்டுருச்சு. நீங்க தள்ளுங்க."

அதோடு பேச்சு முடிந்தது. பொழுது சாய்வதற்குள் பின்கட்டைக் கழுவி, கோலம் போட்டு, அடுப்பு மூட்டிவிட்டாள். முன்கட்டிலிருந்து சந்தனமேரி ரசம் கொடுத்தாள். பின்கட்டிலிருந்து பிச்சையம்மாள் கருவாட்டுக் குழம்பு கொடுத்தாள். பிள்ளைகள் இரண்டு கட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தன. கடைக்குட்டி வீரய்யாவின் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே இருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிக்காமல் இருந்தது சிவசாமி ஒருவர்தான். வாடகையில் பாதி தருகிறேன் என்று முறைப்பாகச் சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டும்ணே, அண்ணன் தம்பிக்குள்ள என்ன?" என்று வீரய்யா சொன்னபோது, அதைவிட வீரய்யா ஓங்கி ஓர் அறை கொடுத்திருக்கலாம் என்று இருந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக, சிவசாமி பஞ்சாங்கத்தைத் தொடாமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முற்றத்தில் பிச்சையம்மாள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"காலங்காத்தால எங்க?"

"வீடு பாக்க."

"ஆடியிலயா?"

"ஆடியாவது ஒண்ணாவது. வீடு கெடச்சா இன்னிக்கே சாமானை ஏத்திருவோம்."

பிச்சையம்மாள் கயிற்றைப் பிடித்தபடியே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இல்லை.

"போயி நல்லாத் தேடிப் பாருங்க" என்றாள். "எனக்கும் பிள்ளைகளுக்கும் வீடு கிடைச்சிருச்சு. ஒங்களுக்கு ஒண்ணு பாத்துக்கிட்டு வாங்க."